கைப்பிடி அரிசி

குவைத்,
அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) இரண்டாம் ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். நான் நல்ல சுகம். நீங்களும் தம்பி குடும்பமும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

தினமும்தான் போனில் பேசுகிறோமே, இவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் "சாப்பிட்டியா, மழை உண்டுமா" என்பதற்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. போன வாரம் தம்பி ஜெபத்தைப் பற்றி ஒன்று கேட்டான். அதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். வாசித்துவிட்டு அவன் கையில் கொடுங்கள்.

முதலில் ஒரு விஷயம். உங்களிடம் மறைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. இதுவரை அனுப்பியது கையிருப்பிலிருந்து. ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை இங்கே வெயில் 50 டிகிரியைத் தொடும். காலை 11 முதல் மாலை 4 வரை வெளியில் வேலை வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் ஏசி மெக்கானிக்குக்கு அப்போதுதான் ஓய்வில்லாத வேலை. நாங்களும் குறை வைக்காமல் செய்தோம். செப்டம்பரிலிருந்து "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எட்டுப் பேர் சேர்ந்து நம் தூதரகத்திலும் இங்குள்ள தொழிலாளர் துறையிலும் மனு கொடுத்திருக்கிறோம். அக்காமா, அதாவது இங்கே தங்கும் அனுமதி, இன்னும் ஏழு மாதத்துக்கு இருக்கிறது, பயப்படாதீர்கள். சாப்பாட்டுக்கும் குறைவில்லை. குப்பூஸ் ரொட்டி மலிவு, பருப்பு நாங்கள் தங்கும் கேம்பிலேயே கிடைக்கிறது.

அறையில் ஆறு பேர். ஒருவர் கடப்பாக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இந்த மூன்று மாதமாக ராத்திரியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுகிறார். மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கியிருக்கிறார். ஒருநாள் என்னை எழுப்பி, "தம்பி, உனக்கு மட்டும் எப்படித் தூக்கம் வருகிறது?" என்று கேட்டார். என்னால் விளக்க முடியவில்லை. என் அம்மா முழித்திருப்பார்கள் என்று மட்டும் சொன்னேன். நமக்கும் இந்த ஊருக்கும் இரண்டரை மணி நேரம் வித்தியாசம். நீங்கள் நாலரைக்கு எழுந்து ஜெபத்துக்கு முழங்கால் போடும்போது இங்கே இரவு இரண்டு மணி.

இப்போது தம்பி கேட்டதற்கு வருகிறேன். "இத்தனை வருஷம் ஜெபம் பண்ணி என்ன ஆச்சு? அந்த வெள்ளத்தில் நம்ம வாழை மிஞ்சிச்சா?" என்று கேட்டான். மிஞ்சவில்லை. ஒரு தார்கூட வெட்டவில்லை, கடன்தான் மிஞ்சியது. அவன் கோபப்படுவதில் தப்பே இல்லை. உச்சி வெயிலில் தண்ணீர் பாய்ச்சியது அவன்தானே.

ஆனால் அந்த நாட்களில் எனக்கு என்ன நடந்தது என்று அவனிடம் நான் சொன்னதே இல்லை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நீங்கள் "மழை விடவே மாட்டேங்குது" என்றீர்கள். அதுதான் கடைசியாகக் கேட்ட குரல். மறுநாள் காலையிலிருந்து யார் போனும் போகவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீட்டருக்கு மேல் மழை என்று செய்தி. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பேரோடு தண்ணீருக்கு நடுவில் நிற்கிறது என்று செய்தி. தாமிரபரணி எந்தக் கரையை உடைத்தது, நம் தெருவுக்கு வந்ததா, ஒன்றும் தெரியாது. புதன் ராத்திரி பெரியப்பா மகன் போன் செய்யும்வரை நான் உயிரோடு இருந்தேன் என்றே சொல்ல முடியாது.

முதல் ராத்திரி முழங்கால் போட்டேன். ஒரு வார்த்தை வரவில்லை, அம்மா. நெஞ்சு காய்ந்து கிடந்தது. அப்புறம் எங்கிருந்தோ வேதத்திலுள்ள 46ஆம் சங்கீதம் வாய்க்கு வந்தது. நான் நினைத்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. குடும்ப ஜெபத்தில் சங்கீதம் ஒப்பிக்காமல் அப்பா நமக்குச் சோறு போட விடமாட்டாரே, அந்தக் குரலிலேயே வந்தது. தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும் என்று தொடங்கி, ஜலங்கள் கொந்தளித்துப் பொங்கி என்கிற இடத்தில் நின்றுவிட்டேன். ஓய்வுநாள் பள்ளிப் பரீட்சைக்காக எத்தனை தடவை உருப்போட்டிருப்பேன். அது தண்ணீரைப் பற்றிய சங்கீதம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஜெபித்தால் வெள்ளம் வராது என்று அப்பா ஒருநாளும் நமக்குச் சொல்லித் தரவில்லை, தம்பி. அந்தச் சங்கீதமும் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளம் வந்துவிட்டது, மலை ஆடுகிறது, அதற்கு நடுவில் நான் யாரைப் பிடித்துக்கொள்வேன் என்பதைத்தான் சொல்கிறது.

அம்மா, உலை வைக்கும்போதெல்லாம் அரிசி களையும் முன்னே ஒரு கைப்பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போடுவீர்களே. சின்ன வயதில் எனக்கு அது பிடிக்காது. நமக்கே காணாதபோது சபைக் கோயிலுக்குக் காணிக்கை எதற்கு என்று நினைப்பேன். பசி வந்தபிறகு ஒதுக்க முடியுமா, அரிசி இருக்கும்போதே ஒதுக்கியாக வேண்டும். அன்று ராத்திரி என் வாயில் வந்த சங்கீதமும் அப்படி ஒதுக்கிய அரிசிதான். பத்துக் கன்னிகைகள் உவமையை நம் சபை ஐயர் ஒவ்வொரு அட்வெந்துக்கும் பிரசங்கிப்பார். நடுராத்திரியில் மணவாளன் வந்தபோது விளக்குக்கு ஐந்து பேர் மட்டும் எண்ணெய் எடுத்து வைத்திருந்தார்கள் என்பதை, எனக்கு இப்போது உங்கள் அரிசிச் சட்டியை வைத்துத்தான் புரிகிறது. நடுராத்திரியில் கடை தேடி ஓட முடியாது.

வெள்ளம் வடிந்த பிறகு, சபை விருந்தான அசனத்துக்குப் பொங்கும் அண்டாக்களை வெளியே எடுத்து, கோயில் வளாகத்தில் மூன்று நாள் பொங்கிப் போட்டதாகச் சொன்னீர்கள். அம்மன் கோயில் தெருக்காரர்களும் வந்து ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்றீர்கள். அண்டா கிளறியது தம்பிதான் என்று பெரியம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாழை போன மறுநாளே அவன் ஊருக்குச் சோறு கிண்டியிருக்கிறான். எந்தப் பெலத்தில் செய்தான் என்று அவனையே கேட்டுப்பாருங்கள்.

வாலிபர் ஐக்கியத்தில் டோனாவூருக்குக் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931ல் ஒரு குழியில் விழுந்து கால் ஒடிந்தார். அதிலிருந்து 1951ல் கண்மூடும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே கிடந்தார். படுக்கையிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். அவர் கல்லறைக்குப் பெரிய கல் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும்தான். அன்று எனக்கு அந்தத் தொட்டி மட்டும்தான் பிடித்தது. இப்போது அந்த அறையைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். வேலையில்லாமல் கேம்பில் உட்கார்ந்திருக்கிற மத்தியானங்களில் ரொம்ப நினைக்கிறேன்.

இங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை. அதனால் அன்றுதான் நமக்கு ஞாயிறு. குவைத் நகரத்தில் இவாஞ்சலிக்கல் சபையின் வளாகத்தில், ஒரே மதில் சுவருக்குள் அரபியும் மலையாளமும் தெலுங்கும் தமிழும் நேரம் பிரித்து ஆராதிக்கிறார்கள். ஒரு கூடத்திலிருந்து நாங்கள் வெளியே வரும்போதே அடுத்த மொழிக்காரர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். பஸ்ஸுக்குக் காசு மிச்சம் பிடித்துப் போகிறேன். போன வெள்ளி கடப்பாக்காரரும் கூட வந்தார். தெலுங்கு ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வரும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அன்றைக்குச் சீக்கிரம் தூங்கிவிட்டார். அவர் மகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில் ஆறாயிரம் ரூபாய் போட்டிருக்கிறேன். அதில் ஐந்நூறு அசனத்துக்கு. மீதியில் முதலில் உங்கள் பிரஷர் மாத்திரை, அப்புறம்தான் வட்டி. மாத்திரையை நிறுத்திவிட்டு வட்டி கட்டாதீர்கள்.

இன்னும் ஒன்று. அடுத்த வாரம் நம் தெருவுக்குக் கிறிஸ்துமஸ் விடியற்கால பஜனை வரும்போது தம்பியைப் போனை எடுத்துக்கொண்டு திண்ணையில் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் பனியில் நிற்க வேண்டாம். உங்களுக்கு நாலு மணி என்றால் எனக்கு ஒன்றரை. எத்தனை மணியானாலும் கூப்பிடச் சொல்லுங்கள், நான் முழித்திருப்பேன்.

உங்கள் அன்பு மகன்