கடலின் இரண்டு கரையிலும் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் உதைபந்தாட்டப் பெண்பிள்ளைகள் வட அத்திலாந்திக் கடலிலுள்ள பரோயே தீவுகளுக்குப் போய், அந்த நாட்டுப் பெண்கள் தேசிய அணியின் ஆட்டமொன்றைப் பார்த்து, அங்குள்ள கழகப் பிள்ளைகளோடு விளையாடி, சுகமாகத் திரும்பிவிட்டார்கள். உதவியவர்கள் இரண்டு கரையிலும் இருக்கிறீர்கள். அக்கரையில் இருப்பவர்களுக்கு மூத்த பிள்ளைகள் இதையே டேனிஷில் எழுதி அனுப்புகிறார்கள். தமிழில் நான் எழுதுவது இங்கே டென்மார்க்கில் இருக்கும் பெற்றோருக்காக. "டென்மார்க் அணியையே பக்கத்தில் பார்க்கலாம், தோற்கிற அணியைப் பார்க்க ஏன் கடல் கடந்து போகவேணும்?" என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டுக் காசும் தந்தீர்கள். முதல் நன்றி உங்களுக்கு.

பருத்தித்துறை வடை சுட்டுப் பேணியில் அடைத்துத் தந்த மாமிமாருக்கு அடுத்தது. மூடுபனியால் விமானம் பிந்தியபோது பிள்ளைகளின் பசியை ஆற்றியது அந்த வடைதான். மிச்சத்தைத் தலைநகர் டோர்ஸ்ஹாவ்னில் கழக மண்டபத்தில் கோப்பியோடு வைத்தோம். உறைக்குது, உறைக்குது என்று சொல்லிக்கொண்டே பேணியை வெறுமையாக்கிவிட்டார்கள். செய்முறை கேட்டிருக்கிறார்கள், யாராவது அளவு சொல்லி எழுதித் தாருங்கள்.

எங்களைத் தன் வீட்டில் தங்கவைத்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. ஒரு காலத்தில் பரோயே தேசிய அணியில் ஆடியவர். பிள்ளைகள் போகமுன்னரே கைத்தொலைபேசியில் பழைய முடிவுகளையெல்லாம் தோண்டி எடுத்து வைத்திருந்தார்கள். 2017இல் ஐஸ்லாந்திடம் 8-0, ஜேர்மனியிடம் 11-0. 2021இல் ஸ்பெயின் டோர்ஸ்ஹாவ்னுக்கு வந்து பத்துக் கோல் அடித்தது, பிறகு செவில்லாவில் பன்னிரண்டு. இரவுச் சாப்பாட்டில் எங்கள் சின்னவள் ஒருத்தி நேராகவே கேட்டாள், "உங்களுக்கு வெட்கமாக இல்லையா?" நான் மேசைக்குக் கீழே காலால் தட்டியும் அவள் நிறுத்தவில்லை.

அக்கா கோபப்படவில்லை. ஜேர்மனியோடு ஆடும் இடம் யாரும் தூக்கித் தந்ததில்லை என்றார். 2019 உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டங்களில் சிறிய நாடுகளுக்கு முதலில் ஒரு முதற்சுற்று இருந்தது. அதைத் தாண்டி வந்ததால்தான் பரோயே அணி ஜேர்மனி, ஐஸ்லாந்து இருந்த குழுவுக்குள் போனது. 2015 உலகக் கிண்ணத்துக்கும் அப்படித்தான்: முதற்சுற்றைத் தாண்டி, சுவீடன், ஸ்கொட்லாந்து, போலந்து இருந்த குழுவுக்குள் வந்தார்கள். வென்றதற்குக் கிடைத்த பரிசு அந்தப் பெரிய தோல்விகள். ஸ்பெயினைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, 2023இல் அதுதான் உலகச் சம்பியன். "ஏழாவது கோல் விழுந்த பிறகு ஒருவரோடொருவர் என்ன கதைப்பீர்கள்?" என்று இன்னொருத்தி கேட்டாள். "எட்டாவதைப் பற்றி" என்றார் அக்கா.

2023இல் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம், தேசிய அணிகள் மோதும் நேஷன்ஸ் லீக் போட்டியைப் பெண்களுக்கும் தொடங்கி, நாடுகளைப் பலத்தின்படி மூன்று பிரிவாகப் பிரித்தது. பரோயே மூன்றாவது பிரிவில் தொடங்கியது. அங்கே எதிரில் நிற்பவர்களும் ஏறக்குறைய தங்கள் அளவு ஆக்கள், யாரும் வெல்லலாம், யாரும் தோற்கலாம். இன்றைய பிள்ளைகளுக்கு அப்படி ஆட்டங்கள் கிடைக்கின்றன. அதற்கு முன்னைய வருடங்களில் அணியைக் கலைக்காமல், பத்தும் பதினொன்றும் வாங்கிக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்கும் வந்து நின்ற பெண்களுக்குத்தான் என் நன்றியில் பெரும்பங்கு. ஹைடி செவ்டால், ரன்வா அன்ரியசென் போன்ற சில பெயர்கள் பிள்ளைகளுக்கு இப்போது தெரியும். மற்றவர்களின் பெயர்களை அக்கா பழைய படமொன்றில் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பரோயே உதைபந்தாட்டம் என்றால் உலகம் சொல்லும் கதை ஒன்றுதான்: 1990 செப்டெம்பரில் ஆண்கள் அணி ஆஸ்திரியாவை 1-0 என்று வென்றது. சொந்த நாட்டில் தகுந்த புல் மைதானம் இல்லாமல் சுவீடனின் லாண்ட்ஸ்க்ரூனாவில் ஆடிய ஆட்டம், கோல் காப்பாளர் பின்னல் தொப்பியோடு நின்ற ஆட்டம். நல்ல கதை, நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். கிளாக்ஸ்விக் நகரக் கழகத்தின் பெண்கள் 2000இலிருந்து 2016 வரை தொடர்ந்து 17 தடவை நாட்டுச் சம்பியனானதை மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை?

அந்தக் கிளாக்ஸ்விக்குக்கு எங்களைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோன அண்ணைக்கு நன்றி. பெற்றோல் காசும் வாங்கவில்லை, சுரங்கப்பாதைக் கட்டணமும் வாங்கவில்லை. 2020 டிசம்பரில் திறந்த கடலடிச் சுரங்கம் அது, 11 கிலோமீற்றர் நீளம், நடுவே கடலுக்குக் கீழே ஒரு சுற்றுவட்டம்! பிள்ளைகள் கேட்டதற்காக அதை இன்னொருமுறை சுற்றிக் காட்டினார். வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். டோர்ஸ்ஹாவ்னிலிருந்து கிளாக்ஸ்விக்குக்கு முன்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்த வழி இப்போது ஏறக்குறைய அரை மணித்தியாலம். வேலையோ படிப்போ முடித்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு ஓடும் ஒரு பெண்ணுக்கு அந்த வித்தியாசம் என்னவென்று, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் நீங்கள் அறிவீர்கள். தெற்கே சூடுரோய்த் தீவுக்காரருக்கு இன்றைக்கும் இரண்டு மணித்தியாலக் கப்பல்தான்.

தீவுகளின் மொத்தச் சனத்தொகையே ஏறக்குறைய 55,000. அதில் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் பலர் படிக்க டென்மார்க்குக்கு வந்துவிடுகிறார்கள். உங்கள் பல்கலைக்கழக வகுப்பில் பக்கத்தில் இருப்பவள் அந்த நாட்டுப் பின்வரிசை வீராங்கனையாகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ஆட்ட நாளன்று டோர்ஸ்வெல்லூர் அரங்கில் எங்களைச் சுற்றியிருந்தவர்களுக்கும் நன்றி. பக்கவாட்டில் அடித்த மழையில் தங்கள் பிளாஸ்டிக் விரிப்பை எங்கள் பிள்ளைகளின் முழங்காலுக்கும் சேர்த்து இழுத்துவிட்டார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, "அவ எங்கள் தெரு", "அவ என் மகனுக்குப் படிப்பிக்கிறா" என்று இரண்டு பக்கமும் இருந்து விளக்கம் வந்தது. அப்படியொரு தேசிய அணியை எங்கள் பிள்ளைகள் முதன்முதலாகப் பார்த்தார்கள். காற்று பந்தைத் திருப்பி உதைத்தவரிடமே கொண்டுவந்ததைப் பார்த்துச் சிரித்த எங்கள் கோல் காப்பாளர், மறுநாள் அதே காற்றில் தானே நின்று பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை. அந்தச் செயற்கைப் புல்லில் எங்களை ஆடவிட்ட கழகத்துக்கும், முழங்கால் உரசியவளுக்கு மருந்து போட்டுவிட்ட பயிற்றுநருக்கும் நன்றி. அவர்களின் பிள்ளைகளிடம் நாங்கள் தோற்றோம், கோல் கணக்கை அவரவர் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கோடையில் அந்தக் கழகத்துப் பிள்ளைகளை இங்கே அழைத்திருக்கிறோம். சம்மதம் வந்துவிட்டது. படுக்க இடம் கொடுக்கக்கூடிய வீட்டுக்காரர், வான் வைத்திருப்பவர்கள், பனிக்காலம் முடியமுன் என்னிடமோ பிள்ளைகளிடமோ சொல்லிவிடுங்கள். உறைப்புக் குறைத்துச் சமைக்கச் சம்மதிக்கும் மாமிமாரும் சொல்லலாம்.

நன்றியுடன்,
பெண்பிள்ளைகள் அணியின் பொறுப்பாளர்