பேன்ட் இடுப்பு சொல்லாத கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமன் பற்றி உங்கள் ஞாயிறு பக்கத்தில் வந்த கட்டுரை, வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடித்துவிட்டது. அடுத்த வாரமே ஒரு வாசகர், எல்லாம் ஜீன், நம் கையில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார். இரண்டு பேருமே பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, திண்டுக்கல்லில் பேன்ட், சட்டை தைக்கிறவன். ஆனால் 30 வருட அளவு நோட்டுகள் என் கடைப் பரணில் இருக்கின்றன.

அந்த நோட்டில் அண்ணன் தம்பி இருவர். கல்யாணம் ஆகியும் ஒரே வீடு, ஒரே சமையல். அண்ணனுக்கு இருபது வருடமாக 32 இடுப்பு, தம்பிக்கு 32-ல் ஆரம்பித்து இப்போது 40. தம்பி ஒளிந்து ஒளிந்து தின்கிறான் என்று வீட்டிலேயே கேலி. அவர் பந்தியில் உட்காரவே கூச்சப்படுவார். என் மகள் உணவியல் படிக்கிறாள், அவளிடம் சொன்னபோது கனடாவில் நடந்த ஒரு ஆராய்ச்சியைப் படித்துக் காட்டினாள். க்ளோட் புஷார் என்பவர் 12 ஜோடி ஒரே கரு இரட்டையர்களை (இருவருக்கும் ஜீன் ஒன்றே), எல்லாம் இளவட்டப் பையன்கள், 100 நாள் ஒரே இடத்தில் வைத்து, அதில் 84 நாள் தினமும் 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட வைத்திருக்கிறார். 1990-ல் முடிவு வெளிவந்தது. ஒருத்தருக்கு 4 கிலோ ஏறியது, இன்னொருத்தருக்கு 13 கிலோ! கூடுதல் சோறு எல்லோருக்கும் ஒரே அளவுதான். ஆனால் ஜோடிக்கு ஜோடி இருந்த வித்தியாசத்தைவிட, ஒரே ஜோடி இரட்டையருக்குள் இருந்த வித்தியாசம் ரொம்பவே குறைவு. அப்படியென்றால் தம்பியைக் கேலி செய்தவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளலாம்.

சரி, அதற்காக "எங்கள் வம்சமே இப்படித்தான்" என்று சாய்ந்து உட்கார்ந்துவிட முடியுமா? அதே ஆராய்ச்சியில் எடை கூடாதவர் ஒருவர்கூட இல்லை, அதையும் பார்க்க வேண்டும்.

2007-ல் எஃப்டிஓ என்ற ஜீனைப் பற்றிக் கண்டுபிடித்தார்கள். அதன் ஒரு வகையை அம்மா, அப்பா இரண்டு பக்கமும் வாங்கியவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருக்கிறார்கள். 3 கிலோதான், 30 இல்லை. இதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அந்த வகை இருப்பவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு சீக்கிரம் வருவதில்லையாம். அதாவது பரம்பரை நேராக இடுப்பில் வந்து உட்காருவதில்லை, பசி வழியாக, தட்டு வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. இதைத்தான் உங்கள் கட்டுரையாளரும் அந்த வாசகரும் கோட்டைவிட்டார்கள். 2012-ல் அமெரிக்காவில் நர்ஸுகளையும் மற்ற மருத்துவத் துறைக்காரர்களையும் வைத்துப் பார்த்ததில், தினமும் இனிப்புப் பானம் குடிப்பவர்களிடம் இந்த மாதிரி ஜீன்களின் பாதிப்பு, எப்போதாவது குடிப்பவர்களிடம் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. என் கடைக்கு ஒரு நாளைக்கு வரும் டீ ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரை, 11 மணிக்கு வடை வேறு. அப்பாவுக்கும் தொந்தி உண்டு, ஆனால் அவர் தறிக்கு நடந்தே போய் வந்தவர், டீயும் காலையில் ஒன்றுதான்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16ல் 30.9 சதவீதம், 2019-21ல் 40.4 சதவீதம். நாலைந்து வருடத்தில் யாருக்கும் ஜீன் மாறியிருக்காது.

இன்னொன்று. எச்சிலை எடுத்து அனுப்பினால் உங்கள் ஜீனுக்கேற்ற சாப்பாட்டுப் பட்டியல் தருகிறோம் என்று ஒரு கம்பெனி சொன்னதை நம்பி, என் வாடிக்கையாளர் ஒருவர் நல்ல பணம் கட்டினார். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருடம் வைத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா, யாருக்கு எது ஒத்துவரும் என்று அவர்கள் பார்த்த ஜீன் வகைகளை வைத்துச் சொல்ல முடியவில்லை. பட்டியலில் என்ன இருந்தது என்று அவரைக் கேட்டேன், கீரை சாப்பிடு என்று போட்டிருந்ததாம். அதை எங்கள் அம்மா காசு வாங்காமல் சொல்வார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இடுப்பை எங்கே அளக்க வேண்டும் என்று ஒரு படம் போடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்ற வேண்டும், நம் ஊர் உடம்புக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80, அதைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். குடும்பத்தில் சர்க்கரையோ தொந்தியோ இருந்தால் முன்னாலேயே அளந்து பார்ப்பது நல்லது. பேன்ட் அளவை நம்பவே கூடாது. போன வாரம்கூட ஒருவர், "36தான் அண்ணே, போன தடவை மாதிரியே போட்டுருங்க" என்றார். பொய் இல்லை, பேன்ட் இடுப்பு 36தான். அது தொந்திக்குக் கீழே இறங்கி நான்கு வருடம் ஆகிறது. டேப்பைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்தேன், 42 இஞ்ச்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
திண்டுக்கல்