கொழும்பு வெள்ளவத்தை ரயில் பாதையில் என் நாயைக் காத்த ஓட்டோ அண்ணாவுக்கு

போன சனிக்கிழமை காப்பகத்தில் இருந்து ஒரு பெண் நாயைத் தத்தெடுத்தேன். மூன்று வயது, கருத்தடை செய்து, விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டுத் தந்தார்கள். நாயைக் கண்டதும் இரண்டு ஓட்டோக்காரர் ஏற்ற மாட்டோம் என்று போய்விட்டார்கள். நீங்கள்தான் நிறுத்தி, சீட்டில் உங்கள் துவாயை விரித்தீர்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும்போது அவள் கழுத்துப்பட்டியில் இருந்து நழுவிக் குதித்தாள். கடலோரமாகப் போகும் மெரின் டிரைவ் வீதியைக் கடந்து நேரே தண்டவாளத்துக்கு ஓடினாள். நான் கத்திக்கொண்டு பின்னால் ஓட, நீங்கள் என் கையைப் பிடித்து, "நங்கி (தங்கச்சி), துரத்தினால் இன்னும் ஓடும்" என்று சிங்களத்தில் சொன்னீர்கள். பயந்த நாயிடம் அப்படித்தான் நடக்க வேண்டும். அந்த நேரம் எனக்கு மூளையே வேலை செய்யவில்லை.

பிறகு உங்கள் மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்தீர்கள். கடற்கரைக் கற்களில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பொரித்த மீனைப் பிய்த்துப் பின்பக்கமாக ஒவ்வொரு துண்டாகப் போட்டீர்கள். பாணந்துறையை நோக்கி ஒரு ரயில் போனது. நீங்கள் அசையவே இல்லை. முக்கால் மணித்தியாலம்! கடைசியில் அவள் உங்கள் விரலை நக்கினாள்.

காத்திருந்ததற்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை. பெயர் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. அண்ணா, அன்று நீங்கள் சாப்பிட்டீர்களா?

அவள் இப்போது என் கட்டிலுக்கடியில், உங்கள் துவாயில்தான் தூங்குகிறாள். அதைத் திருப்பித் தர வேண்டும். பச்சை ஓட்டோ, கண்ணாடியில் சின்ன வெள்ளைப் புத்தர் சிலை. தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லுங்கள்.