புயலிடம் நீதான் பேச வேண்டும்

அன்புள்ள தோழிக்கு,

நலம், நாடுவதும் அதுவே. உன் கடைசிக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்குச் சொல்லத்தக்க காரணம் எதுவும் என்னிடம் இல்லை. ஆகவே சொல்லப்போவதும் இல்லை. இப்போது எழுதுவது ஒரு காரியத்துக்காக.

வாத்தியார், மருத்துவர், இரட்டையர், வேகத்துக்காக நாம் புயல் என்று பெயர் வைத்தவன், நான் ஆகியோர் மலையில் ஒரு வாரம் ஓடிவிட்டுத் திரும்பியிருக்கிறோம். நீ வரவில்லையே என்று எல்லோரும் குறைபட்டுக்கொண்டார்கள். இரட்டையர் மட்டும், நீ வராத காரணத்தால் இந்த முறை யாரும் ஓடையில் விழவில்லை என்று நிம்மதி தெரிவித்தார்கள். விசில் கதையும் வழக்கம்போல் சொல்லப்பட்டது, வழக்கம்போல் மிகைப்படுத்தியும் சொல்லப்பட்டது. ஆனால் வார இறுதியில் வாத்தியாரும் புயலும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் பிரிந்துபோனார்கள். இத்தனை ஆண்டுகளில் இப்படி நடந்ததே இல்லை. என்ன நடந்தது என்பதை வேறு யாராவது உனக்குச் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாரத்தின் முற்பகுதி முழுவதும் மலைப்பாதை ஓட்டம்தான். ஏற்றங்களில் நாங்கள் முழங்காலில் கையூன்றி நடந்துகொண்டிருக்க, புயல் ஓடியே ஏறினான். இறக்கங்களில் கண்ணிலேயே படவில்லை. இறக்கம் தொடையின் முன்தசையை என்ன பாடுபடுத்தும் என்பது உனக்குத் தெரியாததன்று. தசை நீண்டுகொண்டே உடலின் சுமையைத் தாங்க வேண்டியிருப்பதால் அதன் இழைகள் நுண்ணிய அளவில் சேதமடைகின்றன. வலியோ உடனே வராமல், 24 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில் உச்சத்துக்கு வருகிறது. சரியாக அந்த நேரத்தில், நாங்கள் படிகளில் பின்புறமாக இறங்கிக்கொண்டிருந்தபோது, வாரத்தின் ஓரியன்டீரிங் பகுதி, அதாவது வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டில் குறித்த இடங்களைத் தேடி ஓடும் பகுதி, தொடங்கியது. புயல் மட்டும் படிகளில் நேராக இறங்கினான். ஒருமுறை இறக்கத்தில் அடிவாங்கிய தசை அடுத்தமுறை குறைவாகவே சேதமடையும் என்பதால், அவன் முன்கூட்டியே பல வாரங்கள் அதற்கென்று பயிற்சி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். எங்கள் அனைவரின் கால்களையும் விட அவன் கால்களே வலுவாக இருந்தன என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன். பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் அந்தக் கால்களே காரணம் என்பது என் கட்சி.

தடத்தை அமைத்தவர் மருத்துவர். 1:10,000 அளவுத்திட்டத்தில், 5 மீட்டருக்கு ஒரு சம உயரக் கோடு வரையப்பட்ட நல்ல வரைபடம் கிடைத்திருந்தது. வெள்ளை நிறக் காடு எது, பச்சை நிறக் காடு எது என்பதில் அதை வரைந்தவர் மிகுந்த நேர்மையோடு நடந்துகொண்டிருந்தார். வெள்ளை என்று போட்ட இடத்தில் உண்மையாகவே ஓட முடிந்தது, அடர்பச்சை என்று போட்ட இடத்தில் முழங்கை நுழையவும் வழியில்லை. ஓடுகிறவர்கள் வரிசையாகக் கண்டுபிடிக்க வேண்டிய கன்ட்ரோல் இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமான கொடிகளை மருத்துவர் விடியற்காலையிலேயே தனியாகச் சென்று கட்டிவிட்டு வந்தார். வந்து சென்றதைப் பதிவு செய்யும் மின்னணுச் சில்லுக்கு வசதி இல்லாததால், கையிலுள்ள அட்டையில் ஊசிகளால் துளையிடும் பழைய பஞ்ச் கருவிகளையே கொடிகளோடு தொங்கவிட்டிருந்தார். அட்டையில் ஊசித் துளைகள் விழும் அந்த ஓசையை நான் இவ்வளவு விரும்புவேன் என்று நினைத்திருக்கவில்லை.

ஐந்தாவது கன்ட்ரோலிலிருந்து ஆறாவதற்குச் செல்லும் பகுதியைப் பற்றி உனக்குச் சொல்லியே தீர வேண்டும். நீ தடம் அமைத்திருந்தாலும் இதைவிட நன்றாக அமைத்திருக்க மாட்டாய் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. நேர்க்கோட்டில் 600 மீட்டர். ஆனால் இடையில் ஒரு முகடு குறுக்கிடுகிறது, அதில் 80 மீட்டர் ஏற வேண்டும். முகட்டைச் சுற்றிச் செல்லும் ஒற்றையடிப்பாதையில் போனால் தூரம் 1,100 மீட்டர், ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வாத்தியார் நமக்கு வாரந்தோறும் ஒப்பித்துக்காட்டும் நெய்ஸ்மித் விதியை நினைத்துக்கொள். ஸ்காட்லாந்து மலையேற்றக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த அந்தக் கணக்கின்படி, மூன்று மைல் நடப்பதற்கு ஆகும் அதே ஒரு மணி நேரம் 2,000 அடி ஏறுவதற்கும் ஆகிறது. அதாவது ஒரு மீட்டர் ஏற்றம் ஏறக்குறைய எட்டு மீட்டர் சமதளத்துக்குச் சமம். அப்படியானால் முகட்டின் மேலாகப் போகும் வழி 600 மீட்டர் அன்று, 1,240 மீட்டர். சுற்றுவழியே குறுகிய வழி. அதோடு, பாதையின் வளைவு ஒன்று கன்ட்ரோலுக்கு நூறு மீட்டர் அருகில் வருகிறது. அங்கே நின்று மூச்சு வாங்கி, திசைகாட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, நிதானமாகக் காட்டுக்குள் நுழையலாம். வாத்தியார் அவ்வாறே செய்தார். தம் முழங்காலோடு, பாதி நடையும் பாதி ஓட்டமுமாக, கட்டைவிரலை வரைபடத்தில் நகர்த்திக்கொண்டே சென்று, கொடியின் மேல் நேராகப் போய் நின்றார்.

புயல் முகட்டின் மேல் ஏறினான். கால்கள் இருக்கும்போது சுற்றுவது எதற்கு?

அவன் ஏறியதில் தவறில்லை. உச்சியில் வரைபடத்தைப் பார்க்காமல் இறங்கியதில்தான் எல்லாம் தொடங்கியது. முகட்டின் மறுபுறத்தில் இரண்டு பள்ள மடிப்புகள் அருகருகே, ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இறங்குகின்றன. ஆறாவது கன்ட்ரோல் மேற்குப் பள்ளத்தில் ஒரு பாறைக்குக் கீழே இருந்தது. அவன் கிழக்குப் பள்ளத்தில் இறங்கினான். அங்கேயும் ஒரு பாறை இருந்தது. கொடி மட்டும் இல்லை. மூச்சு இரைக்க இரைக்க ஓடி வந்த நிலையில் மூளை எப்படி வேலை செய்யும் என்பது உனக்குத் தெரியும்: தான் இருக்கும் இடம் தவறு என்று அது ஒப்புக்கொள்ளாது, வரைபடத்தையே வளைத்து நிலத்தோடு பொருத்திக்கொள்ளும். மருத்துவர் கொடி கட்ட மறந்துவிட்டார் என்று அவன் முடிவு செய்தான். பிறகு அந்தப் பள்ளத்தை மேலும் கீழுமாகச் சல்லடை போட்டுத் தேடினான். பக்கத்துப் பள்ளத்தில் வாத்தியார் பஞ்ச் அடித்துவிட்டு ஏழாவதை நோக்கிப் போவதை மரங்களின் இடைவெளி வழியாக அவன் பார்த்திருக்கிறான். இதை இரட்டையரில் இளையவரிடம் பின்னர் அவனே ஒப்புக்கொண்டானாம். பார்த்த மாத்திரத்தில் தன் பிழை அவனுக்கு விளங்கியிருக்கும். இருநூறு மீட்டர் நடந்திருந்தால் முடிந்திருக்கும்.

அவன் நடக்கவில்லை. மருத்துவர் தொடக்கத்தில் எல்லோரிடமும், வழி பிடிபடாமல் போனால் நேராகத் தெற்கே நடங்கள், தார்ச்சாலை வந்துவிடும் என்று சொல்லியிருந்தார். புயல் தெற்கே இறங்கி, சாலையைப் பிடித்து, முடிவிடத்துக்கு வராமல் நேராகத் தங்குமிடத்துக்குப் போய், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டான்.

நாங்கள் முடிவிடத்தில் காத்திருந்தோம். வாத்தியார் வந்தார், இரட்டையர் வந்தார்கள், நான் வந்தேன். முதலில் கேலி செய்தோம். புயல் வேகம் தாங்காமல் வரைபடத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று. நாங்களே வகுத்துக்கொண்ட கடைசி நேரம் கடந்த பிறகு கேலி நின்றது. மருத்துவர் தம் பட்டியலை எடுத்துப் பார்த்தார். அதில் அடிக்கப்படாத பெயர் ஒன்று மட்டும் இருந்தது. காட்டுக்குள் கைப்பேசிக்குச் சமிக்ஞை இல்லை. தங்குமிடத்துக்குத் தகவல் கேட்டு அனுப்பவும் அருகில் யாரும் இல்லை. அவன் எங்கோ கால் முறிந்து கிடக்கிறான் என்றே முடிவு செய்தோம். மெதுவாக ஓடுகிறவர்களைப் பற்றி அப்படி நினைக்கத் தோன்றாது; அவ்வளவு வேகமாக இறங்குகிறவனைப் பற்றி வேறு எதுவும் நினைக்கத் தோன்றாது.

பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு தேடினோம். நிமிடத்துக்கு ஆறு முறை விசில், பிறகு ஒரு நிமிடம் மௌனம். இது துன்பத்தில் இருப்பவர் கொடுக்க வேண்டிய ஒலி, அதற்குப் பதில் மூன்று முறை. நாங்கள் அந்த ஆறு ஒலிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு பள்ளங்களில் இறங்கினோம். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது வாத்தியார், நாங்கள் தடுத்தும் கேளாமல், அந்தக் கிழக்குப் பள்ளத்தில் தாமே இறங்கினார். எங்கே தவறு நேர்ந்திருக்கும் என்பதை வரைபடத்தைப் பார்த்தே அவர் ஊகித்துவிட்டார், சரியாகவும் ஊகித்திருந்தார். ஈரமான வேரின் மேல் கால்வைத்துப் பாதம் உள்நோக்கி மடங்கியதில், கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் பாதிக்கப்பட்டது. எலும்பு முறிவில்லை என்று மருத்துவர் சொன்னார். ஆனால் இரட்டையர் இருவரும் தோள் கொடுத்துத்தான் அவரைச் சாலைவரை கொண்டுவந்தார்கள். தங்குமிடத்தை அடைந்தபோது, புயல் குளித்து, உடை மாற்றிக்கொண்டு, தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான்.

முடிக்காமல் விலகுகிறவர் முடிவிடத்துக்கு வந்து அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது இந்த விளையாட்டில் யாரும் விலக்குப் பெற முடியாத விதி. உலகப் போட்டிக்கும் அதுதான், பள்ளிக் குழந்தைகளின் போட்டிக்கும் அதுதான். மற்ற விதிகளை மீறினால் தகுதிநீக்கத்தோடு கணக்குத் தீர்ந்துவிடும். இதை மீறினால் பிறர் இருட்டில் இறங்குகிறார்கள். புயலுக்கு இது தெரியாதா? நமக்கெல்லாம் அதைக் கற்றுக்கொடுத்ததே அவன்தானே. 2009-இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் நடந்த உலகப் போட்டியைப் பற்றி நமக்கு முதலில் சொன்னவனும் அவன்தான், நினைவிருக்கிறதா? ஆண்கள் தொடரோட்டத்தின் கடைசிச் சுற்றில் ஸ்வீடனின் மார்ட்டின் யோஹான்சன் தொடையில் மரக்குச்சி ஆழமாகக் குத்திக் கிடந்ததைக் கண்டு, பிரான்சின் தியரி ஜோர்ஜியூவும் நார்வேயின் ஆண்டர்ஸ் நூர்ட்பெர்கும் செக் நாட்டின் மிகால் ஸ்மோலாவும், பதக்கத்துக்காக ஓடிக்கொண்டிருந்தவர்கள், ஓட்டத்தை விட்டுவிட்டு அவருக்கு உதவியாக நின்றுவிட்டார்கள். தங்கம் சுவிட்சர்லாந்துக்குப் போயிற்று. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் புயலின் குரல் தழுதழுக்கும். நாம் கிண்டல் செய்வோம்.

அன்றிரவு வாத்தியார் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?" புயல், தான் குழந்தையல்ல என்றும், தன்னைத் தேடும்படி யாரையும் கேட்கவில்லை என்றும் சொன்னான். அதன் பிறகு இருவரும் பேசவில்லை. மருத்துவர் மறுநாள் காலை தனியாகச் சென்று கொடிகளை அவிழ்த்துக்கொண்டு வந்தார். எஞ்சிய ஓட்டங்களை நாங்கள் கைவிட்டோம்.

எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் தணியவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவன் திமிரினால் அவ்வாறு செய்தான் என்று இரட்டையர் சொல்வதை நான் ஏற்கவில்லை. வேகத்தைத் தவிர வேறு எதையும் நாம் அவனிடம் பாராட்டியதில்லை. பெயரையே அப்படி வைத்தோம். பாதி நடையில் வந்த ஒருவர் தன்னை முந்திவிட்ட நாளில், அட்டையில் ஒரு வரிசை முழுவதும் துளையில்லாமல், அந்தப் பட்டியலின் முன்னால் வந்து நிற்க அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. வெட்கம் புரிகிறது, மன்னிப்புக் கேட்காமல் இருப்பதுதான் புரியவில்லை.

இங்கேதான் நீ வருகிறாய். நான் எழுதினால் அவன் பதில் எழுத மாட்டான். மருத்துவர் பேசினால் அறிவுரை என்று நினைப்பான். இரட்டையர் பேசவே கூடாது. உன்னிடம் மட்டும் அவனால் வீறாப்புக் காட்ட முடியாது, ஏனெனில் பாலத்தருகே நடந்ததை நீ இதுவரை யாரிடமும் முழுமையாகச் சொல்லாமல் காப்பாற்றி வருகிறாய். அவனிடம் விதியைப் பற்றிப் பேசாதே. வாத்தியாரின் கணுக்காலைப் பற்றியும் முதலில் எடுக்காதே. மிஷ்கோல்ட்ஸ் கதையை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேள்; மறந்துவிட்டது போல் நடித்துக் கேள், உனக்கு அது நன்றாக வரும். பாதியிலேயே அவன் நிறுத்திவிடுவான் என்பது என் ஊகம். அதற்குப் பிறகு அவனே வாத்தியாரின் வீட்டுக்கு வழி கேட்பான்.

வாத்தியாருக்கு வீக்கம் வடிந்துவிட்டது. ஒற்றைக்காலில் நின்று சமநிலைப் பயிற்சி செய்யும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவரோ அதைப் பல் துலக்கும்போது செய்துவிட்டு, பயிற்சி முடிந்தது என்று கணக்குக் காட்டுகிறார். புயலைப் பற்றி அவர் எதுவும் கேட்பதில்லை. ஆனால் ஆறாவது கன்ட்ரோலுக்கு நேர்வழியில் போனால் உண்மையில் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று என்னிடம் கேட்டார். வேறு யாருடைய கால்களை வைத்து அதைக் கணக்கிட முடியும்?

நான் எழுதினேன் என்பது அவனுக்குத் தெரிய வேண்டாம். கணுக்கால் ஆறியதும் அதே மலையில், விட்டுப்போன ஓட்டங்களை முடித்துவிடலாம் என்று மருத்துவர் சொல்கிறார். இந்த முறை தடம் அமைப்பது உன் பொறுப்பு, ஓடையை மட்டும் தவிர்த்துவிடு. வரைபடத்தின் நகல் ஒன்றைத் தனியே அனுப்புகிறேன். அவனிடம் பேசியதும் எழுது, என்னைப் போல் தாமதிக்காதே.

உன் அன்புத் தோழி