என் வீட்டையும் வந்து சோதியுங்கள்

பாலர் பருவ மேம்பாட்டு வாரியத்தின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு நாலறை வீட்டில் பத்தொன்பது ஆண்டுகளாக மற்றவர் பெற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வயது 58. இதுவரை பதினொரு குழந்தைகள் என் கையில் வளர்ந்திருக்கிறார்கள். முதலாவதாக வந்தவள் இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். இத்தனை ஆண்டுகளில் என் வீட்டுக் கதவைத் தட்டி, குழந்தை எங்கே தூங்குகிறது, பால் புட்டியை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், சன்னல்களுக்குக் கம்பி போட்டிருக்கிறீர்களா என்று கேட்ட அதிகாரி ஒருவர்கூட இல்லை. கேட்டிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

2024 இறுதியில் நீங்கள் தொடங்கிய முன்னோடித் திட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்ட அன்று உண்மையிலேயே மகிழ்ந்தேன். 2 மாதம் முதல் 18 மாதம் வரையுள்ள கைக்குழந்தைகளை ஒரு பராமரிப்பாளர் தம் வீட்டில் வைத்தோ, சமூக இடம் ஒன்றில் வைத்தோ பார்த்துக்கொள்ளலாம், அதற்கு அரசாங்கம் துணை நிற்கும் என்றார்கள். நாங்கள் செய்வதும் ஒரு வேலைதான் என்று நாடு ஏற்றுக்கொண்டதாக எனக்குப் பட்டது. ஆனால் அந்தத் திட்டத்திற்குள் நுழையும் வழி, வாரியம் நியமித்த நிறுவனங்கள் மூலமாகத்தான். பெற்றோரைத் தேடித் தருவது, பயிற்சிக்கு ஏற்பாடு செய்வது, பராமரிப்பாளருக்கு உடம்பு முடியாத நாளில் மாற்று ஆளைப் பார்ப்பது எல்லாம் ஒரு நிறுவனத்தால் நன்றாகவே முடியும். அதை நான் மறுக்கவில்லை. மூன்று ஆண்டு முன்னோடித் திட்டம் முடிந்த பிறகு நிலையான ஏற்பாடு ஒன்று வருமானால், அதில் எங்களைப் போன்ற தனி ஆட்கள் தம் சொந்தப் பெயரிலும் பதிவு செய்துகொள்ள இடம் வேண்டும். நான் கேட்பது அதைத்தான். நிறுவனத்தின் பெயரில் மட்டுமே பதிவானவள், நாளை அந்த நிறுவனம் கடையை மூடினால் எங்கே போய் நிற்பாள்?

பதிவு எதற்கு, இதுவரை நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறீர்கள் என்று என் மகனே கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

2011இல் ஒரு பிற்பகல். ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆன பையன். காலையிலிருந்தே உடம்பு சுட்டுக்கொண்டிருந்தது. தாய்க்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கண் மேலே செருகிக்கொண்டது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் 1990இல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். எங்கள் ஊரில் வலிப்பு வந்தால் பல் கிட்டிக்கொள்ளாமல் இருக்க வாயில் கரண்டியை வைப்பார்கள், கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். நானும் கரண்டியைத் தேடித்தான் ஓடினேன். என் அலறல் கேட்டு வந்த எதிர்வீட்டு மலாய் அம்மா ஓய்வுபெற்ற தாதி. கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கி எறிந்தார். பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். பிடித்து அமுக்காதே, வாயில் எதையும் வைக்காதே, கடிகாரத்தைப் பார் என்றார். அவசர மருத்துவ வண்டிக்கு 995ஐ அழைத்தார். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றுவிட்டது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு இப்படி வருவதுண்டு, பெரும்பாலும் தீங்கில்லாமல் போய்விடும் என்று மருத்துவமனையில் விளக்கினார்கள். பையனுக்கு ஒன்றுமில்லை. இன்று என்னைவிட உயரமாக நிற்கிறான்.

எதிர்வீட்டு அம்மா அன்று கடைக்குப் போயிருந்தால்? அந்தக் கேள்வியோடு எத்தனையோ இரவு விழித்திருக்கிறேன். அன்பு என்னிடம் நிறைய இருந்தது. அந்த இரண்டு நிமிடத்தில் அது எதற்கும் உதவவில்லை. அதற்குப் பிறகு முதலுதவி வகுப்புக்குப் போனேன். முழுக்க ஆங்கிலம். பக்கத்து புளோக் பெண் ஒருத்தி என்னருகில் உட்கார்ந்து காதில் தமிழில் சொல்லச் சொல்லத்தான் தேறினேன். எல்லாருக்கும் அப்படி ஒருத்தி கிடைக்க மாட்டாள்.

ஆகவே பயிற்சியும் தேர்வும் தமிழில் வேண்டும். மலாயிலும் சீனத்திலும்கூட வேண்டும். மொழிபெயர்ப்புத் தாள் ஒன்றை அச்சடித்துத் தருவதோடு இது முடிந்துவிடாது. எங்கள் வீடுகளில் என்ன நடக்கிறதென்று அறிந்து எழுதிய பாடமாக இருக்க வேண்டும். ஆங்கிலக் கையேட்டில் தூளி என்ற சொல் வராது. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், மெத்தை உறுதியாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும், தலையணை கூடாது என்று இருக்கும். தூளியில் போட்டு ஆட்டினால்தான் பிள்ளை தூங்கும் என்று நாற்பது ஆண்டு நம்பியவளுக்கு, அந்த விதி தன்னைப் பற்றியது என்பதே புரியாது. சேலைத்துணியில் குழந்தையின் தாடை நெஞ்சில் படும்படி மடங்கிக் கிடந்தால் மூச்சுக்குழாய் அடைபடலாம் என்று ஒருவர் தமிழில் எடுத்துச் சொன்ன பிறகுதான் நான் தூளியைக் கழற்றினேன். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவது, நாக்கில் தேன் தடவுவது, வசம்பு சுட்டுக் கொடுப்பது, உரைமருந்து இழைப்பது, இவற்றையெல்லாம் பெயர் சொல்லிப் பேச வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது என்று தெரியாத பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக இருக்கும் ஜி6பிடி குறைபாடு இங்கே பிறந்தவுடனேயே பரிசோதிக்கப்படுகிறது. ஆனால் அந்தக் குறைபாடுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அலமாரிக்குள் அந்துருண்டை இருக்கக் கூடாது என்பது, துணியை மடித்து வைக்கும் எங்களுக்கல்லவா தெரிய வேண்டும்?

இனி பணம். குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சேரும், குடியுரிமையுள்ள கைக்குழந்தைக்கு, தாய் வேலைக்குச் செல்பவராக இருந்தால், மாதம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அடிப்படை மானியம் கிடைக்கிறது. குடும்ப வருமானம் 12,000 வெள்ளிக்குள் இருந்தால் கூடுதல் மானியமும் உண்டு. அதே குழந்தை என் வீட்டுக்கு வந்தால் ஒரு வெள்ளிகூட இல்லை. பதிவில்லாதவளுக்கு அரசாங்கப் பணம் கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு. பதிவு செய்து, சோதனைக்கும் உட்பட்ட பிறகு அந்த மானியத்தில் ஒரு பங்காவது பெற்றோருக்குக் கிடைக்கட்டும். நான் சுயதொழில் செய்பவள் என்று உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் கணக்குக் காட்டுகிறேன், மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பும் கட்டுகிறேன். வருமானம் ஈட்டுபவளாக என்னை அரசாங்கத்துக்குத் தெரியும். பிள்ளை பார்ப்பவளாக மட்டும் தெரியாது.

பிள்ளையை விட வரும் தாய்மார்கள் விரல்விட்டு வாரங்களை எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். மகப்பேற்று விடுப்பு 16 வாரம், தந்தைக்கு 4 வாரம், 2026 ஏப்ரல் 1 முதல் இருவரும் பகிர்ந்துகொள்ள 10 வாரம். ஒருவர் பின் ஒருவராக எடுத்தாலும் 30 வாரம். ஏழு மாதக் குழந்தை அப்போதுதான் உட்காரப் பழகும். நிலையத்தில் ஒரு பணியாளருக்கு ஐந்து கைக்குழந்தைகள் வரை என்பது விதி. அங்கே வேலை பார்க்கும் பெண்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் இரண்டே பிள்ளைகள் இருக்கும் வீட்டில், ஒன்று அழுதால் உடனே தூக்க ஒரு கை இருக்கிறது. முறைப்பணி செய்யும் தாதியின் பிள்ளை காலை ஆறரைக்கே என்னிடம் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு வேறு எங்கே இடமிருக்கிறது?

இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. 2010இல் வீட்டில் தமிழையே அதிகம் பேசிய குடியிருப்பாளர்கள், ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 3.3 விழுக்காடு. 2020 கணக்கெடுப்பில் அது 2.5 ஆகிவிட்டது. ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் தமிழ்மொழி விழா கொண்டாடுகிறோம், எனக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் குழந்தைக்கு மொழி மேடையிலிருந்து வருவதில்லை. சோறு ஊட்டும்போது வருகிறது. என்னிடம் வளர்ந்த ஒரு பெண் குழந்தையின் பெற்றோர் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவார்கள். அவள் முதலில் சொன்ன சொல் "நிலா". இரவில் என் சமையலறைச் சன்னல் வழியே காட்டியது. அவளுடைய தாய் அன்று அழுதுவிட்டார், தம் பாட்டி சொன்ன சொல் என்று. பதிவு செய்த பராமரிப்பாளர் என்ன மொழி பேசுவார் என்பதையும் பதிவேட்டில் குறியுங்கள். தமிழ் பேசும் வீட்டைத் தேடும் பெற்றோர் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

எனக்குக் காய்ச்சல் வந்தால் அன்று ஒரு தாய் வேலைக்குப் போக முடியாது என்பது தனி ஆட்களின் பெரிய குறை. ஒத்துக்கொள்கிறேன். ஒரே வட்டாரத்தில் பதிவு செய்த நான்கைந்து பேர் ஒருவருக்கொருவர் மாற்றாக இருக்க ஏற்பாடு செய்தால் அதைச் சமாளிக்கலாம். குழந்தைகளும் முன்பே அந்த முகங்களைப் பார்த்துப் பழகியிருக்கும். பதிவேடு ஒன்று இருந்தால்தான் அந்த நான்கைந்து பேர் யார் என்பதே தெரியவரும்.

சட்டம் கடுமையாக இருக்கட்டும். முன்னறிவிப்பின்றி வந்து சோதியுங்கள். வீட்டில் இருக்கும் என் கணவரின் பின்னணியையும் விசாரியுங்கள். 18 மாதத்துக்குட்பட்ட பிள்ளை முன்னால் தொலைக்காட்சி ஓடினால் எழுதிக்கொள்ளுங்கள். தவறு இருந்தால் பதிவை எடுத்துவிடுங்கள்.

திட்டத்தின் அடுத்த கட்டத்தை முடிவு செய்வதற்கு முன் உங்களில் ஒருவராவது எங்களைப் போன்ற ஒரு வீட்டுக்கு வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டுக்கே வரலாம். காலை பத்து மணிக்குமேல் வருவதானால் மணியை அழுத்தாமல் கதவை மெல்லத் தட்டுங்கள். சின்னவள் அப்போதுதான் தூங்கியிருப்பாள்.

இப்படிக்கு,
யீஷூனில் பிள்ளை பார்க்கும் ஒரு பாட்டி