காய்ச்சலை மறந்த அம்மாவுக்கு

அன்புள்ள கேட் அம்மாவுக்கு,

வணக்கம். மிசஸ் கெல்லர் என்று ஆரம்பித்தால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. உங்களைப் படைத்த அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரும் தன் ‘ஆல் மை சன்ஸ்’ நாடகப் பிரதியில் உங்கள் வசனங்களுக்கு முன்னால் ‘அம்மா’ என்றுதான் போட்டிருக்கிறார். உங்கள் கணவருக்குக் ‘கெல்லர்’ என்று குடும்பப் பெயரைக் கொடுத்தவர், உங்களுக்குக் கேட் என்ற பெயரைக்கூடக் கொடுக்கவில்லை. சரி, நானும் அம்மா என்றே கூப்பிடுகிறேன்.

அந்த நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் கணவர் ஜோவைப் பற்றியே எழுதுகிறார்கள். அவர் செய்த குற்றம், அவர் சொன்ன பொய், கடைசியில் வீட்டுக்குள்ளிருந்து கேட்கும் துப்பாக்கிச் சத்தம். உங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், பாவம், பிள்ளை போன துக்கத்தில் புத்தி கலங்கிய பெண்மணி என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொய்யைச் சொன்னது ஜோ. அதைத் தினமும் சமைத்துப் பரிமாறிக் காப்பாற்றியது நீங்கள். அந்த வீட்டில் தெளிந்த புத்தியோடு இருந்த ஒரே ஆளும் நீங்கள்தான் என்பது என் கட்சி.

இதைக் கூடப் படிக்கிறவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலக யுத்த காலம். உங்கள் கணவரும் அடுத்த வீட்டு ஸ்டீவ் டீவரும் கூட்டாளிகள். ராணுவத்தின் பி-40 விமானங்களுக்காக அவர்களுடைய தொழிற்சாலையில் செய்த சிலிண்டர் ஹெட் என்ற எஞ்சின் பாகங்கள் ஒருநாள் விரிசலோடு வெளிவருகின்றன. ஸ்டீவ் பதறிப்போய் வீட்டுக்குப் போன் செய்கிறார். விரிசலை மூடிப் பூசி அனுப்பிவிடு, பொறுப்பு என்னுடையது என்கிறார் ஜோ. ஆனால் தொழிற்சாலைக்கு வரவில்லை, கேட்டால் ஃப்ளூ காய்ச்சலாம். அந்தப் பாகங்களால் 21 விமானிகள் செத்துப்போகிறார்கள். கோர்ட்டில், அப்படி ஒரு போன் பேச்சே நடக்கவில்லை என்று சாதிக்கிறார் ஜோ. அப்பீலில் அவருக்கு விடுதலை, ஸ்டீவுக்குச் சிறை. உங்கள் இளைய மகன் லாரி விமானப் படையில் இருந்தபோது காணாமல் போய் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவனுக்குப் பேசி வைத்திருந்த ஆன், அந்த ஸ்டீவின் மகள். இப்போது அவளை உங்கள் மூத்த மகன் கிறிஸ் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறான்.

ஆனின் அண்ணன் ஜார்ஜ் வரும் காட்சிக்கு வருவோம். அமெரிக்க நாடகத்தில் எனக்குப் பயம் தந்த காட்சிகளில் இதற்கு முதலிடம். துப்பாக்கி வரும் காட்சியில்கூட எனக்கு இந்தப் பதைப்பு வரவில்லை.

கொலம்பஸ் சிறையில் அப்பாவைப் பார்த்துவிட்டு, அவருடைய தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறான் ஜார்ஜ். கண்ணெல்லாம் கோபம். தங்கையைக் கையோடு கூட்டிப்போக வேண்டும் என்று நிற்கிறான். கிறிஸ் வாதம் செய்து பார்க்கிறான், எடுபடவில்லை. நீங்கள் வெளியே வருகிறீர்கள். வாதம் எதுவும் செய்யவில்லை. ஜார்ஜி, என்னப்பா இப்படி இளைத்துவிட்டாய், உன்னைக் கிழவனாக்கி அனுப்பிவிட்டார்களே என்கிறீர்கள். திராட்சை ஜூஸ் வருகிறது. சாண்ட்விச் செய்து தருகிறேன் என்கிறீர்கள். அவன் ஒரு காலத்தில் ஆசைப்பட்ட லிடியா, பக்கத்து வீட்டு ஃபிராங்கைக் கட்டிக்கொண்டு மூன்று குழந்தைகளோடு இருக்கிறாள். நான் சொன்னபடி அவளைக் கட்டிக்கொண்டு யுத்தத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாமே என்று அவனை உரிமையோடு வைகிறீர்கள். பத்து நிமிஷத்தில் அவன் கோபம் கரைந்துபோகிறது. இந்த வீட்டைத் தவிர வேறெங்கும் என் வீடு என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை என்று சொல்லிவிடுகிறான்.

நடிப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது, அம்மா. அவன்மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் நிஜம். அவன் அப்பா சிறையில் கிடப்பது யாரால் என்று உங்களுக்குத் தெரியும் என்பதும் நிஜம். இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொண்டு ஜூஸ் ஊற்றுகிறீர்கள்.

அப்புறம் அந்த வாய்தவறல். நீங்கள் யாருமே மாறவில்லை, ஜோவும் அப்படியேதான் இருக்கிறார் என்று ஜார்ஜ் சந்தோஷமாகச் சொல்கிறான். எனக்கு உடம்பு படுக்க நேரம் ஏது என்கிறார் ஜோ. உடனே நீங்கள், பெண்டாட்டிகளுக்கே உரிய பெருமையோடு, இவர் படுத்தே பதினைந்து வருஷம் ஆச்சு என்கிறீர்கள். யுத்தத்தின்போது வந்த ஃப்ளூவைத் தவிர என்று ஜோ அவசரமாகச் சேர்க்கிறார். நீங்களோ, என்னது என்கிறீர்கள். அந்த ஒரு கணம் உங்களுக்கு அது நினைவிலேயே இல்லை. பிறகுதான் சமாளிக்கிறீர்கள், ஆமாமாம், அந்த ஃப்ளூவைத் தவிர என்று. ஜார்ஜ் அசையாமல் நிற்கிறான்.

கோர்ட்டையே தாண்டி வந்த பொய், கணவரின் ஆரோக்கியத்தைப் பற்றிய ஒரு பெருமைப் பேச்சில் உடைந்துபோனது. மில்லரின் கைவேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பிடிபடும் பயத்தில் உளறியிருந்தால் அது சாதாரண நாடகம். நீங்கள் மாட்டியது, நிம்மதியாக இருந்த ஒரே நிமிஷத்தில்.

சரி, லாரிக்கு வருகிறேன். அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஏன் அப்படி அடம்பிடித்தீர்கள்? ஃபிராங்கை விட்டு அவனுக்கு ஜாதகம் பார்க்கச் சொன்னீர்கள். அவன் காணாமல் போன நவம்பர் 25 அவனுக்கு நல்ல நாளாக இருந்தால் அன்று அவன் செத்திருக்க முடியாது என்பது உங்கள் கணக்கு. ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு துக்கத்தைத் தள்ளிப்போடும் அம்மாக்களை நாங்களும் அறிவோம். ஆகவே முதலில் நானும் உங்களை அந்த வரிசையில்தான் வைத்தேன். இரண்டாம் அங்கத்தின் முடிவில்தான் விஷயம் வெளியே வருகிறது. மூன்றரை வருஷமாகப் பைத்தியம்போலப் பேசுகிறாய் என்று ஜோ கத்த, நீங்கள் அவர் முகத்தில் ஓங்கி அறைகிறீர்கள். இனி நான்தான் பேசுவேன், அவன் வருவான், எல்லோரும் காத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். கிறிஸிடம் காரணத்தையும் சொல்லிவிடுகிறீர்கள்: லாரி செத்திருந்தால் அவனைக் கொன்றது உன் அப்பா, ஒரு மகன் அப்பாவின் கையால் சாகக் கடவுள் விடமாட்டார்.

லாரி பி-40 ஓட்டியதே இல்லை என்று ஜோ ஒரு கணக்குச் சொல்வார். பதிவேட்டுக்கு அது சரி. உங்களுக்கு அது போதவில்லை, போதாதுதான். செத்த 21 பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள் என்பதை ஜோ கடைசி நிமிஷத்தில் கண்டுபிடிக்கிறார். உங்களுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்தபடியே அந்த மனிதரோடு ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டுமென்றால் லாரி சாகாமல் இருந்தாக வேண்டும். அதற்காக ஆனின் பெட்டியை நீங்களே அடுக்கி வைத்து, மூட வேண்டியதுதான் பாக்கி என்கிறீர்கள். பெரிய பிள்ளையின் கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை, அந்தப் பெண்ணின் வாழ்க்கை போனாலும் பரவாயில்லை. துக்கம் மட்டும் இருக்கிற மனுஷிக்கு இவ்வளவு திட்டம் வராது.

மூன்றாம் அங்கத்தில், விடியற்காலை இரண்டு மணிக்கு ஜோவுக்கு ஒரு யோசனை சொல்கிறீர்களே, அதைப் பல விமர்சகர்கள் கண்டுகொள்ளாமல் போகிறார்கள். கிறிஸ் காரை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டான். அவன் வந்ததும், பெரிய தப்புச் செய்துவிட்டேன், ஜெயிலுக்குப் போகவும் தயார் என்று சொல்லுங்கள் என்கிறீர்கள். அவன் போகச் சொல்லமாட்டான், ஆனால் நீங்கள் தயாராக இருப்பதாக அவனுக்குத் தோன்றினால் மன்னித்துவிடுவான் என்று தைரியமும் கொடுக்கிறீர்கள். பச்சாத்தாபத்துக்கும் ஒத்திகை! ஜோவுக்கு அது புரியவே இல்லை, குடும்பத்துக்காகத்தானே செய்தேன் என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார். குடும்பத்தைவிடப் பெரியது ஒன்று உண்டென்று கிறிஸ் நம்புகிறான் என்று அவருக்கு விளக்குவதும் நீங்கள்தான். அந்த வீட்டில் எல்லோருடைய மனமும் உங்களுக்குப் பாடம்.

உங்கள் பிறப்பில் நடந்த ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. ராணுவத்துக்குப் பழுதான சாமான் விற்ற அப்பாவை மகளே அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தாள் என்று, அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண்மணி பேச்சுவாக்கில் மில்லரிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தன் மனத்தில் மகளை மகனாக மாற்றிவிட்டதாக மில்லரே பின்னால் எழுதினார். அது கட்டுக்கதைக் காலமும் அல்ல: ஒகையோவில் லாக்லண்டில் இருந்த ரைட் ஏரோநாட்டிக்கல் ஆலையில் பழுதான விமான எஞ்சின்கள் பரிசோதகர்களின் ஒத்துழைப்போடு தேறிப்போனதை 1943இல் செனட்டின் ட்ரூமன் கமிட்டி அம்பலப்படுத்தியது. ஆரம்பப் பிரதிகளில் நாடகத்தின் நடுநாயகமாக இருந்தது நீங்கள், உங்கள் ஜோதிட நம்பிக்கையோடு. தலைப்பே ‘வில்லாளியின் ராசி’ என்ற பொருளில்தான் இருந்தது. மேற்கத்திய ஜோதிடக் கணக்கில் நவம்பர் 25 தனுசு ராசியில்தான் விழுகிறது. எழுத எழுத, நாடகம் அப்பா பிள்ளைச் சண்டையாகிவிட்டது. முதலில் காட்டிக்கொடுத்த மகள் போனாள், பிறகு அம்மா ஓரத்துக்குப் போனாள். அப்படி மாற்றியதால்தான் நாடகம் ஓடியது என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கு முந்தைய நாடகம் 1944இல் நாலே காட்சியில் படுத்துவிட்ட மில்லருக்கு, இது கடைசி முயற்சி. 1947 ஜனவரி 29 அன்று நியூயார்க் கோரோனெட் தியேட்டரில் எலியா கசானின் இயக்கத்தில் தொடங்கி 328 காட்சிகள் ஓடியது. அப்போது மில்லருக்கு 31 வயது. விமர்சகர்கள் விருதில் மூத்த நாடகாசிரியர் யூஜீன் ஓநீலின் நாடகத்தையே தோற்கடித்தது. அதே தியேட்டருக்கு இப்போது யூஜீன் ஓநீல் பெயர், அது வேறு வேடிக்கை.

ஓரத்துக்குத் தள்ளினாலும் நீங்கள் அடங்கவில்லை. பெத் மெரில் முதலில் உங்களாக மேடையேறினார். 2019இல் லண்டனில் சாலி ஃபீல்ட், அதே வருஷம் நியூயார்க்கில் அனெட் பெனிங். அந்த நியூயார்க் தயாரிப்பில் ஜோவாக நடித்த டிரேசி லெட்ஸ் எழுதிய ‘ஆகஸ்ட்: ஓசேஜ் கவுண்டி’ நாடகத்திலும் ஓர் அம்மா இருக்கிறார். அவர் பெயர் வயலெட். குடும்பத்தின் பெரிய ரகசியம் உடையும்போது, எனக்கு எப்பவோ தெரியும் என்று அவர் சாவதானமாகச் சொல்லுவார். மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தில் வரும் புரூக்ளின் மனைவி லிண்டா லோமனும் உங்கள் ஜாதிதான். கணவன் தற்கொலைக்காக ஒளித்து வைத்த ரப்பர் குழாயைப் பகலில் எடுத்துவிடுவார், அவர் வீடு திரும்பும்போது இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். கணவனுக்குத் தலைகுனிவு வரக்கூடாதாம். அமெரிக்க நாடகத்தில் அப்பாக்கள் பொய் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பராமரிப்பு அம்மாக்கள் தலையில்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன், இது உங்கள்மேல் அல்ல, மில்லர்மேல். அப்பாவின் விஷயம் பத்திரிகையில் வந்ததும் திரும்பி வராத பயணம் கிளம்புவதாக லாரி எழுதிய கடிதத்தை ஆன் இத்தனை வருஷமும் வைத்திருந்து, சரியாகக் கடைசிக் காட்சியில் வெளியே எடுக்கிறாள். நாடகத்துக்கு வசதியான கடிதம். ஜோவை ஒரே அடியில் சாய்க்க அது உதவுகிறது, ஆனால் உங்களோடு கிறிஸ் முட்டி மோதி வெல்ல வேண்டிய சண்டையை அது பறித்துவிட்டது. அந்தச் சண்டையைப் பார்க்கத்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஜோ தன்னைச் சுட்டுக்கொண்டு போய்விட்டார். கிறிஸ் அழுகிறான். நீங்கள் அவனைப் பிடித்துக்கொண்டு, உன்மேல் போட்டுக்கொள்ளாதே, மறந்துவிடு, வாழு என்று சொல்கிறீர்கள். பெற்ற வயிறு அதைத்தான் சொல்லும். நான் அதில் குற்றம் காணப் போவதில்லை. ஆனால் கொலம்பஸில் ஸ்டீவ் இன்னும் உள்ளேதானே இருக்கிறார்? விரிசலை மூடி அனுப்பியது அவர் கைதான், அவர் சுத்தமானவர் என்று நான் சொல்லவில்லை. எனினும் யார் சொல்லி அனுப்பினார் என்பது எந்தத் தீர்ப்பிலும் இல்லை. கிறிஸுக்குத் தெரிந்தது அப்பா வாயால் அன்று சாயந்திரம் கேட்டது. ஆனுக்குத் தெரிந்தது அதைவிடவும் குறைவு. ஜோவின் கடைசி வார்த்தைகள் கோர்ட்டில் ஏறாது. அந்த ஃப்ளூ நாளில் அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார் என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர் இந்த உலகத்தில் இப்போது ஒருவர்தான் மிச்சம்.

துக்கக் காரியங்கள் முடியட்டும், அம்மா, யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. அதற்கப்புறம் ஜார்ஜுக்குப் போன் போடுங்கள். அவன் வக்கீல்தான், வாக்குமூலத்தை எப்படிக் கொடுப்பது என்று அவனே சொல்லுவான்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்