விடுமுறையை விட்டுவையுங்கள்

ஆசிரியருக்கு,

ஆகஸ்ட் விடுமுறையிலும் பிள்ளைகளை ரியூசனுக்கு விரட்டுவது பற்றிய உங்கள் ஆசிரியர் தலையங்கம் சரிதான், ஆனால் பறிபோவது ஓய்வு மட்டுமல்ல, சொந்தமும்தான். 1979இல் பள்ளி விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் மாங்குளம் வந்து, பஸ் மாறி ஒட்டுசுட்டானில் இறங்கினால் மாமா உழவு மெசின் பெட்டியோடு நிற்பார். முத்தையன்கட்டில் அம்மம்மா வீட்டு முற்றத்தில் பதினொரு பேர் ஒரே படங்கில் படுப்போம். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிப்போய், பேச முடியாமல் சிரித்த மச்சாள் இப்போது கனடாவில், இன்றும் போன் எடுத்தால் அந்தக் கதைதான். என் பேரனுக்கோ சித்தப்பா பிள்ளைகளை வட்ஸ்அப் படத்தில்தான் தெரியும்.

கல்வித் திணைக்களமும் பெற்றோரும் பேசி, விடுமுறையில் இரண்டு வாரமாவது தனியார் வகுப்புகளை நிறுத்தலாமே.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
புதுக்குடியிருப்பு